கிழக்கு காலி

தெல்கெர்மாவின் முகத்தைவிட அவள் குரல்தான் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதிகம் பழக்கம். தெற்கு கோபிப் பாலைவனத்தில் அந்த நிலக்கரிச் சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் மைக்குக்கு முன்னால் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் வெடி நாள். வெடிக்கு அரை மணி முன்னால் ஒரு தடவை, கால் மணி முன்னால் ஒரு தடவை, ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு தடவை வாக்கிடாக்கியில் அவள் சொல்ல வேண்டும். லாரி ஓட்டுகிறவர்கள், துளை போடுகிறவர்கள், பாதையை மறித்து நிற்கிறவர்கள் என்று நூற்றறுபது செட்டுகளில் அந்தக் குரல் ஒரே சமயத்தில் கேட்கும்.

கணக்கில் வராத இன்னொரு செட்டும் இருந்தது. அது அவள் அண்ணன் தாம்தினின் கூடாரத்தில், கம்பளிச் சுவரின் மரச்சட்டத்தில் தொங்கியது.

அம்மா இறந்தபோது தெல்கெர்மாவுக்கு ஆறு வயது, தாம்தினுக்குப் பதினெட்டு. அவன்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டான், பள்ளி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தான், லீவுக்கு ஒட்டகத்தில் வந்து அழைத்துப்போனான். சுரேனைக் கட்டிக்கொண்ட பிறகும் தங்கைதான் அந்த வீட்டுப் பிள்ளை. அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. முப்பது ஒட்டகம், கொஞ்சம் வெள்ளாடு. வறண்ட ஆற்றுப்படுகையில் ஒரு கிணறு. சுற்றுவட்டாரத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் அது ஒன்றுதான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் சுரங்கம் கிழக்கே புதிதாக வெட்ட ஆரம்பித்தது. வெட்டின் ஓரத்திலிருந்து கிணற்றுக்கு அறுநூறு மீட்டர்கூட இராது, நடுவில் ஒரு கரட்டு மேடு. வெடி நாளில் ரோந்துக்காரன் பிக்கப்பில் சிவப்புக் கொடியோடு வந்து ஆளையும் மிருகத்தையும் விலகச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சில நாள் வருவான். சில நாள் மேட்டின் மேலிருந்தே ஹாரன் அடித்துவிட்டுப் போவான். சுரங்கத்துச் சங்கு காற்று சாதகமாக இருந்தால் கேட்கும், இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் வெடிக்குக் கால் மணி இருக்கும்போது அண்ணன் கிணற்றடியில் நின்றதைக் கேள்விப்பட்ட தெல்கெர்மா, திரை உடைந்து மூலையில் கிடந்த நாற்பத்தேழாம் எண் செட்டை 'உடைந்தது, கழிக்கலாம்' என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பேசற பொத்தானை எடுத்துட்டேண்ணே. கேக்க மட்டும்தான் முடியும். இந்தக் குமிழைத் தொடக்கூடாது. யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"தொடல. நீ சொன்னா ஒட்டகத்தை ஓட்டிட்டு வரணும், அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

அன்றிலிருந்து செட் பேசினால் அவர்கள் கிணற்றை விட்டு நகர்வார்கள். பேசாவிட்டால் அன்றைக்கு வெடி இல்லை. துளைக்குள் தண்ணீர் ஊறினாலோ வெடிமருந்து லாரி வராவிட்டாலோ வெடி தள்ளிப்போவது உண்டு. அதனால் கிழமையைவிட செட்டைத்தான் அவர்கள் நம்பினார்கள். சுரேனுக்கு அதில் ஒரே ஒரு குறை.

"வீட்டுக்கு வந்தா ஓயாம வளவளன்னு பேசற. அந்த டப்பாவுல மட்டும் ஏண்டி சாவுச் சேதி சொல்ற மாதிரி பேசற?" என்பாள். "ஒரு நாளைக்காவது 'அண்ணி, டீ குடிச்சியா'ன்னு கேக்கக் கூடாதா?"

"கேட்டா நூத்தறுபது பேரும் குடிச்சேன்பாங்க அண்ணி."

அந்த வருஷ இலையுதிர் காலத்தில் சுரங்கத்தில் டீசல் திருட்டு அதிகமானது. டாங்கர் எந்தப் பாதையில் எப்போது வருகிறது என்று யாரோ வாக்கிடாக்கியில் ஒட்டுக்கேட்டு, பள்ளத்தில் மடக்கிக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு போனார்கள். பேச்சையெல்லாம் பூட்டிவிடுவது என்று நிர்வாகம் முடிவுசெய்தது. செட் வேலை பார்க்கும் ஜம்பா நான்கு நாள் தெல்கெர்மாவின் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு செட்டாக மடிக்கணினியில் மாட்டினான்.

"பூட்டுன்னா என்னதாண்டா செய்யுது அது?" என்று கேட்டாள்.

"நீங்க பேசறதைக் கண்டபடி கலைச்சுப்போட்டு அனுப்பும்க்கா. நான் உள்ள ஒரு சாவி போடறேன் பாருங்க, அந்தச் சாவி இருக்கற செட்டுதான் மறுபடி அடுக்கி எடுக்கும்."

"சாவி இல்லாததுல?"

"புது மாடலா இருந்தா கரகரன்னு ஏதாச்சும் வரும். பழசுல அதுவும் வராது. கல்லு மாதிரி கெடக்கும்."

தெல்கெர்மா ஏட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"நாப்பத்தேழு எங்கக்கா? ஒடைஞ்சதுன்னு இருக்கு. ஒடைஞ்சதையும் கண்ணுல காட்டச் சொல்றாங்க. வெளிய போன செட்டாலதான் திருட்டு நடக்குதுன்னு பேச்சு."

"குப்பையோட போயிருக்கும்."

"உங்க கையெழுத்துதான் இருக்கு."

"அதான் சொல்றேனே, போயிருக்கும்னு."

ஜம்பா அதற்குமேல் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் பூட்டு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாம்தின் வழக்கம்போல் மேட்டில் ஏறி நின்று போன் பண்ணினான். கூடாரத்தில் சிக்னல் கிடையாது. தெல்கெர்மா சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தாள். அடுத்த மேஜையில் காவல் பிரிவுத் தலைவர் கொழுப்புக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒட்டகக் குட்டி ஒன்றுக்குக் கண்ணில் நீர் வடிவதைப் பற்றிச் சொன்னான், சுரேன் தயிர்க்கட்டி காயப்போட்டதைப் பற்றிச் சொன்னான். இவள் 'ம்', 'ம்' என்றாள். செட்டு இனிமேல் பேசாது அண்ணே என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வெளியே எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். குளிராக இருந்தது, எழுந்துபோனால் ஏன் போகிறாள் என்று பார்ப்பார்கள் என்று நினைத்தாள். ரோந்துக்காரன் எப்படியும் கிணற்றுக்குப் போவான், அதற்குத்தானே அவனுக்குச் சம்பளம் என்றும் நினைத்தாள். வியாழக்கிழமை லீவில் போய் நேரிலேயே சொல்லிவிடலாம்.

"அப்புறம் பேசறேண்ணே," என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அபூர்வமாகக் கிழக்கிலிருந்து காற்று வீசியது. நடுப்பகலுக்குள் மண் கிளம்பி வானம் பழுப்பாகிவிட்டது. வெடிக்காரர் சோய்ஜில் பழைய ஆள், அவசரப்படாதவர். மருந்து ஏற்றும் இடத்தில் யாராவது செட்டை அழுத்தினால், அதன் அலையில் வெடி தானாகக் கிளம்பிவிடும் என்று பிடுங்கி அணைத்து, வேலை முடிந்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கு அவருக்கே பொறுமை போயிருந்தது. நாற்பது துளையிலும் மருந்து ஏற்றியாகிவிட்டது. ஏற்றிய மருந்தை ராத்திரிக்கு அப்படியே விட்டுவைக்க முடியாது. புழுதி இன்னும் ஏறினால் எதுவும் தெரியாது.

தெல்கெர்மா அரை மணி அறிவிப்பைச் சொன்னாள். சொல்லும்போதே அண்ணன் கூடாரத்துச் சட்டத்தில் அந்தப் பெட்டி சும்மா தொங்குவது கண்ணில் வந்தது. கால் மணி அறிவிப்பையும் சொன்னாள். பிறகு ஒவ்வொரு திசையாகக் கேட்டாள். வடக்கு காலி என்றார்கள். மேற்கு காலி, தெற்கு காலி.

"கிழக்கு?"

"கிழக்கு காலி." ரோந்துக்காரன் ஒத்கோனின் குரல்.

அவள் விரல் பொத்தானிலேயே இருந்தது. கிணற்றடி வரைக்கும் போனாயா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு திசைக்கும் ஒரு கேள்விதான் வழக்கம். கிழக்குக்கு மட்டும் ஏன் இன்னொரு கேள்வி என்று நூற்றறுபது பேரும் நினைப்பார்கள், ஜம்பா நினைப்பான். சோய்ஜில், "என்னம்மா, விடலாமா?" என்றார்.

"எல்லாப் பக்கமும் காலி," என்றாள். "ஐந்து நிமிடம்."

கல் முஷ்டியளவு இருந்தது என்று பிறகு சொன்னார்கள். கிணற்றுத் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த சுரேனின் இடுப்பில் விழுந்தது. ஒட்டகங்கள் மிரண்டு சிதறி ஓடி, மூன்று ஒட்டகம் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தன. சுரங்கத்து ஆம்புலன்சிலேயே சுரேனை மாகாணத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு மணி நேரப் பாதை. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, நடை பழையபடி வராது என்றார் டாக்டர்.

தெல்கெர்மா லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அண்ணன் கூடாரத்துக்கு வந்துவிட்டாள். வேலைக்குக் குறைவில்லை. விடியும் முன்னே அடுப்பில் காய்ந்த சாணம் போட்டு மூட்ட வேண்டும், உப்புப் போட்ட பால் டீ காய்ச்ச வேண்டும், குட்டிகளை அவிழ்க்க வேண்டும். பால் கறப்பதுதான் பெரிய பாடு. ஒற்றைக் காலில் நின்று, மடக்கிய முழங்காலில் வாளியை வைத்துக்கொண்டு, குட்டி ஒரு வாய் குடித்ததும் தள்ளிவிட்டுக் கறக்க வேண்டும். ஒட்டகங்களுக்கு சுரேனின் கைதான் தெரியும். இவள் கை பட்டதும் பாலை மேலே இழுத்துக்கொண்டன. பெரிய பெட்டை ஒன்று திரும்பி இவள் தோளில் துப்பியது. துடைத்துக்கொண்டு மறுபடி காலை மடக்கி நின்றாள். அந்த வலியும் நாற்றமும் அவளுக்கு வேண்டியிருந்தன.

நான்காம் நாள் மத்தியானம் உள்ளே வந்தபோது தாம்தின் தரையில் துணி விரித்து அதன்மேல் செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குமிழைத் திருகாணியோடு கழற்றியிருந்தான். பெரிய விரல்கள், சின்னத் திருகாணி.

"என்னண்ணே பண்ற?"

"பேட்டரி சரியாத்தான் இருக்கு. பச்சை வெளக்கு எரியுது." அவன் நிமிரவில்லை. "வெடிக்கு மொத நாளு இதுமேல மண்ணு படிஞ்சிருந்துச்சு. துணியால தொடச்சேன். அப்ப குமிழு நகந்திருக்கும் போல. நீ தொடாதன்னு எத்தனை தடவை சொன்ன."

தெல்கெர்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"சுரேன் கேட்டா, பாப்பா. 'இன்னிக்குச் செவ்வாக்கிழமை, வெடி இருக்குமே'ன்னு கேட்டா. நான்தான், 'ஒன் நாத்தனா இன்னும் வாயத் தொறக்கல, நீ பாட்டுக்குப் போ'ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். அவளும் சிரிச்சுக்கிட்டுத்தான் போனா." திருகாணியை மறுபடி குழியில் வைக்கப் பார்த்தான். அது உருண்டு துணி மடிப்பில் போய் விழுந்தது. "நான் போறதுக்கு இருந்த நேரம் அது. கட்டிலுக்கு ஒரு காலு ஆடுச்சு, அதச் சரிபண்ணிட்டு வரேன்னு அவள அனுப்பிட்டேன்."

"அண்ணே…"

"யாராச்சும் கேட்டா, செட்டு இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது. நீ அதப்பத்தி நெனைக்காத."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மடிப்பில் விழுந்த திருகாணியைத் தேடி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. அவள் உருட்டி வெட்டிப் போட்ட மாவுப்பட்டையும் காய்ந்த கறியும் கிண்ணத்தில் ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்தது.

ஒன்பதாம் நாள் விசாரணைக்கு வந்தார்கள். மிருகங்களை விட்டுவிட்டு தாம்தின் எங்கும் போக முடியாது என்பதால் கூடாரத்துக்கே வந்தார்கள். மாவட்டத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, சுரங்கத்துப் பாதுகாப்பு அதிகாரி, கூட ஒத்கோன். ஒத்கோனுக்கு இருபத்தெட்டு வயது, வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. கதவோரம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். தெல்கெர்மா எல்லோருக்கும் டீ ஊற்றினாள். அவன் வாங்கிக் கீழே வைத்துவிட்டான்.

"நான் கெணத்துக்குப் போகல," என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே. "மேட்டு மேல நின்னேன். ஒரே புழுதி. ஒண்ணும் தெரியல. அவங்க எப்பவும் முன்னாடியே நகந்துடுவாங்க. நாலு வருஷத்துல ஒரு நாளும் நான் போய்ச் சொல்ற வரைக்கும் அவங்க அங்க இருந்ததில்ல. அதான் காலின்னுட்டேன்."

அதிகாரியம்மா எழுதிக்கொண்டார். "எப்படி முன்னாடியே நகர்ந்தீங்க?" என்று தாம்தினைக் கேட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கெழமை தெரியுமே. செவ்வா, வெள்ளி."

"அன்னைக்கும் செவ்வாய்க்கிழமைதான்."

"மறந்துட்டேன்."

"நாலு வருஷமா மறக்காதது அன்னைக்கு மட்டும் மறந்துச்சா?"

"வயசாயிருச்சும்மா. என் தப்புதான். அந்தப் பையனை விட்டுருங்க, புள்ளகுட்டிக்காரன்."

பாதுகாப்பு அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப தெரிஞ்சே வெடி எல்லைக்குள்ள இருந்ததா எழுதிக்கலாம். இவன் பொய்த் தகவல் சொன்னதுக்கு இவன் மேல நடவடிக்கை. வேற ஒண்ணும் இல்லையே?"

ஒத்கோன் தொப்பியைத் திருகிக்கொண்டே தலையாட்டினான். தாம்தினும் தலையாட்டினான். இரண்டு பேரும் தலையாட்டியதைப் பார்த்ததும் தெல்கெர்மா டீக் கெண்டியைக் கீழே வைத்தாள். மாவு மூட்டைக்குப் பின்னால் துணியில் சுற்றி ஒளித்துவைத்திருந்த செட்டை எடுத்துவந்து டீக் கிண்ணங்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இதை நான்தான் கொடுத்தேன். நாப்பத்தேழாம் நம்பர். உடைஞ்சதுன்னு பொய்க் கையெழுத்துப் போட்டேன். என் குரலைக் கேட்டுத்தான் இவங்க நாலு வருஷமா நகந்தாங்க. சனிக்கிழமை பூட்டுப் போட்டதும் இதுல ஒண்ணும் கேக்காம போச்சு. குமிழு நகரல. அண்ணன் மறக்கவும் இல்ல."

பாதுகாப்பு அதிகாரி செட்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். தாம்தின் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தலை பின்னிவிட்ட காலத்திலிருந்து ஒருநாளும் அவன் அவளை அப்படி வேற்றாள்போல் பார்த்ததில்லை.

"பூட்டுப் போட்டது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"ஞாயித்துக்கெழமை நான் போன் பண்ணுனேனே. அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு மைக்குல பேசுறப்போ, எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சேதான் பேசுனியா?"

"ஆமாண்ணே."

"அப்ப ஏன் பாப்பா?"

"வேலை போயிரும்னு பயந்தேன்."

அவன் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். வெளியே ஒட்டகம் ஒன்றை அதட்டும் சத்தம் கேட்டது.

தெல்கெர்மாவின் வேலை போயிற்று. ஒத்கோனுக்கு மூன்று மாதம் பணி இடைநீக்கம், அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. வெடி நாளில் ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு கூடாரத்துக்கும் நேரில் வந்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகுதான் மருந்துக்குத் தீ என்று மாவட்டத்தில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். தெல்கெர்மா கூடாரத்திலேயே இருந்தாள். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதல்ல, ஒட்டகங்களைக் கறக்க ஆள் இல்லை. தாம்தின் போகச் சொல்லவில்லை. பேசவும் இல்லை. டீக் கிண்ணத்தை அவள் கையில் கொடுக்காமல் பக்கத்தில் தரையில் வைத்தான்.

முதல் பனி விழுந்து ஒரு வாரம் கழித்து சுரேனை அழைத்துவந்தான். இரண்டு கைக்கட்டை, இளைத்துப்போன முகம். நடந்ததையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே அவளிடம் சொல்லியிருந்தான். வந்த அன்று சுரேன் நாத்தனாரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியை முகர்ந்தாள். அது தெல்கெர்மாவுக்கு அடியைவிட வலித்தது. அதற்குப் பிறகு தாம்தின் தங்கையிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மனைவி வழியாகச் சொல்ல ஆரம்பித்தான். "சாணம் ஈரமா இருக்கு, உள்ள கொண்டாந்து வெக்கணும்னு அவகிட்டச் சொல்லு." தெல்கெர்மா மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் அவன் கிணற்றில் பனிக்கட்டி உடைக்கப் போயிருந்தபோது தெல்கெர்மா ஆட்டு வால் கொழுப்பை உருக்கி அண்ணியின் இடுப்பில் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். உடைந்த இடம் தொடும்போதெல்லாம் சுரேன் பல்லைக் கடித்தாள்.

"வலிக்குதா அண்ணி?"

"தேய்." பிறகு சுவர்ப் பக்கம் பார்த்தபடியே, "தெல்கெர், அன்னிக்கு எனக்குச் சங்கு கேட்டுச்சு," என்றாள்.

தெல்கெர்மாவின் கை நின்றது.

"லேசாத்தான். காத்து வேற பக்கம். லாரி ஹாரனோன்னு ஒரு நெனப்பு. சங்குதான்னு இன்னொரு நெனப்பு. வாளியப் போட்டுட்டு ஓடியிருக்கலாம். ஓடல. சங்கா இருந்தா நீ முன்னாடியே சொல்லியிருப்பியேன்னு இன்னும் ரெண்டு வாளி எறச்சேன்."

"அண்ணி, இதை அண்ணன்கிட்ட…"

"சொல்லல. நீயும் சொல்லாத." சுரேன் மெதுவாகத் திரும்பிப் படுத்தாள். "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, மொத ஒம்போது நாளும் அவரு மேட்டுல ஏறி போன் பண்ணி, நான்தான் அனுப்புனேன், நான்தான் அனுப்புனேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. சோறு எறங்கலன்னாரு. செத்துருவாருன்னு பயந்தேன். நீ வாயத் தொறந்த பெறகுதான் சாப்பிட ஆரம்பிச்சாரு. கோவம் வந்ததும் பசி வந்துருச்சு. எனக்கும் காதுல விழுந்துச்சுன்னு தெரிஞ்சா, மறுபடி மொதல்லேந்து ஆரம்பிச்சிருவாரு, யார் மேல எவ்வளவு தப்புன்னு. இந்தக் குளிரு போற வரைக்குமாவது அந்தக் கோவம் ஒன்மேலயே இருக்கட்டும். ஒன்னால தாங்க முடியுமா?"

"முடியும் அண்ணி."

"சும்மா சொல்லாத."

"என்னோடதுதானே அது. தாங்காம?"

சுரேன் அவள் கையை எடுத்து மறுபடி தன் இடுப்பில் வைத்தாள்.

இருட்டுவதற்குள் தாம்தின் வந்துவிட்டான். தாடியில் பனி. தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்தான். மனைவி தந்த டீயை ஒரு மடக்குக் குடித்தான்.

"சுரேன், கண்ணு வடியுற குட்டிக்குக் கம்பளி போட்டாளான்னு கேளு. போட்டிருக்க மாட்டா. மறந்திருப்பா. வேணுங்கறதச் செய்ய மறக்குறதுதானே அவ பழக்கம்."

சுரேன் நாத்தனாரைப் பார்த்தாள். பொழுது சாயும் முன்பே தெல்கெர்மா அந்தக் குட்டிக்குக் கம்பளி போர்த்தி, வயிற்றடியில் இரட்டை முடிச்சாகப் போட்டுக் கட்டிவிட்டு வந்திருந்தாள். அது சுரேனுக்கும் தெரியும்.

"மறந்துட்டேண்ணே," என்றாள் தெல்கெர்மா. "இப்பப் போய்ப் போட்டுட்டு வரேன்."

மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே அண்ணன் ஏதோ முணுமுணுப்பதும், பிறகு கிண்ணத்தில் கரண்டி உரசுவதும் கேட்டது. சாப்பிடுகிறான். அவள் குட்டிக்குப் பக்கத்தில் போய், கட்டியிருந்த முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். கம்பளி போர்த்த எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் போகட்டும் என்று பனியில் அங்கேயே நின்றாள்.